வளைந்த ராடும் சந்தனப் பொட்டும்

“மோந்து பாருடா காளி” என்றார் பொங்கியண்ணன்.

மோந்து பார்த்தேன். ஜீப்பின் டிரைவர் சீட்டிலிருந்து கிளம்பிய நாற்றம் நேராக என் காலை இட்லியைப் போய்த் தட்டியது. பட்டைச் சாராயம். நாலு நாளாகியும் போகவில்லை. அதன்மேல் மழை ஈரம், எலிப் புழுக்கை, யாரும் துடைக்காமல் விட்ட ரத்தம். சீ!

“எப்புடி இருக்குது?”

“உங்க மச்சான் கலியாணப் பந்தலாட்ட இருக்குதுங்ணா.”

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடமும் இல்லை அது. பாலக்காட்டில் அவருக்கு ஒரு துப்பறியும் ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு டெலிபோன், ஒரு நான். எங்களை இந்தக் குளிருக்கும் அட்டைக்கும் அனுப்பி வைத்தது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. சூரியநெல்லிக்கு மேலே மஞ்சக்குழி எஸ்டேட்டில் ஜீப் கவிழ்ந்துவிட்டது. டிரைவர் குடித்திருந்தான் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள், அவ்வளவுதான் வேலை. அந்த ஒரு வரி வந்துவிட்டால் கம்பெனி கையைக் கழுவிக்கொள்ளும். ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து வந்த வேலுத்தாய்க்கு, கொழுந்து எடுக்கிற பெண், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவளும் கையைக் கழுவிக்கொள்ள வேண்டியதுதான்.

டிரைவர் ராக்கப்பன் நாலு நாளாக லாக்கப்பில் இருக்கிறான். இன்று மூன்று மணிக்கு தேவிகுளம் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். குடித்துவிட்டு ஓட்டினான் என்று கேஸ் நின்றால் ஜெயில். ஜெயிலுக்குப் போனவன் குடும்பத்துக்கு எஸ்டேட் லயத்தில் வீடு கிடையாது. சாயங்காலமே காலி செய்யச் சொல்லி அவன் பெண்டாட்டி சுருளியம்மாளிடம் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயாயிற்று. அவள், ஜீப்பைக் கொண்டுவந்து போட்டிருந்த எஸ்டேட் ஒர்க் ஷாப்பு வாசலில், தலையில் விறகுக்கட்டோடு, இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். இன்று ராத்திரி எந்த அடுப்பில் எரிக்கப்போகிற விறகோ.

“அவரு குடிக்கவே மாட்டாரு சார். கல்யாணத்து அன்னிக்குக்கூட எங்க சித்தப்பா ஊத்திக் குடுத்த கிளாஸை ஆட்டுக்குட்டிக்கு ஊத்திட்டாரு.”

“ஆட்டுக்குட்டி என்ன பண்ணுச்சுங்?” என்றேன்.

“சும்மா இருடா” என்றார் பொங்கியண்ணன். “அம்மணி, உங்க வீட்டுக்காரரு என்ன சொல்றாருங்?”

“வலது பக்கமா ஒடிச்சேன், வண்டி நேராப் போச்சுன்னு ஒத்த வார்த்தையத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுதாரு. யாரு கேக்கா? சட்டையெல்லாம் சாராயமா இருந்துச்சே!”

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “சார், டீ ஆறுது.”

ஒர்க் ஷாப்பு பிட்டர் குருசாமி. சுருளியம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். ஐம்பது வயசு இருக்கும். நெற்றி நிறைய விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸுக்கும் பொட்டு, உலைத் துருத்திக்கும் பொட்டு, சுவரில் சரஸ்வதி படம், படத்துக்கு இன்னும் வாடாத மாலை. தங்கச்சி புருஷனுக்கு நாலு நாளாக லாக்கப்புக்கு டிபன் கேரியர் சுமந்து போகிறவர் இவர்தான். இன்றைக்குக் கொண்டுபோக வேண்டிய கேரியரும் பெஞ்சின்மேல் தயாராக இருந்தது. இந்த எஸ்டேட்டில் மனுஷன் என்று ஒருத்தர் இருக்கிறாரே என்று எனக்கு நிம்மதியாகப் போயிற்று. டீயை இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஜீப்பைக் கட்டைமேல் ஏற்றி, வளைந்த ஸ்டியரிங் ராடைக் கழற்றி வைஸில் மாட்டியிருந்தார் குருசாமி. முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற நீள இரும்புத் தண்டு அது. நடுவில் நன்றாக மடங்கியிருந்தது. உலையில் கரி சிவந்துகொண்டிருந்தது.

“போலீஸ் இன்னிக்குக் காலையிலதான் சார் வண்டிய விட்டாக. சாயங்காலத்துக்குள்ள ஓடணும்னு சின்னதுரை உத்தரவு. காய்ச்சி நாலு தட்டு தட்டுனா நிமுந்துரும்.”

“தட்டலாம், தட்டலாம். பத்து நிமிசம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு பொங்கியண்ணன் ஜீப்பைச் சுற்றி வந்தார். டிரைவர் சீட்டுக்கு எதிரே நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். கழுத்துப் பிடித்துக்கொண்டதோ என்று நான் பயந்துபோனேன்.

“காளி, சாய்மானத்துல அந்தக் கறையப் பாரு. எப்புடிப் போகுது?”

காக்கித் துணிச் சீட்டில் சாராயக் கறை பழுப்பாகக் காய்ந்திருந்தது. ஊற்றின தண்ணீர் கீழே ஓடும். இது கீழே ஓடவில்லை. வலது ஓரத்தில் ஆரம்பித்து, மட்டமாக, இடது பக்கம் பார்த்து மூன்று கோடாக ஓடியிருந்தது.

“வண்டி எப்புடிக் கவுந்து கெடந்துச்சுங் அம்மணி?”

“இடது பக்கமா ஒருக்களிச்சு. பெறவு மத்தியானமாத்தான் லாரியில சங்கிலி கட்டித் தூக்கி நிறுத்துனாக.”

எனக்குப் புரிந்தது. வண்டி நிமிர்ந்து நின்றபோது சிந்தின சாராயம் இல்லை. வண்டி ஒருக்களித்துக் கிடந்தபோது, மேலேயிருந்து ஊற்றின சாராயம். உள்ளே ஒருவன் மண்டை உடைந்து நினைவில்லாமல் கிடக்கிறான், பின்னால் ஒருத்தி கால் நசுங்கிக் கத்துகிறாள், அந்த நேரத்தில் ஒருத்தன் குனிந்து, பாட்டிலைக் கவிழ்த்து, சட்டையிலும் சீட்டிலும் நிதானமாக அபிஷேகம் பண்ணியிருக்கிறான். அவன் கையெல்லாம் அழுகிப் போக!

“இதப் பண்ணுனவன் யாருன்னு எனக்குத் தெரியுமுங்ணா” என்றேன்.

“யாரு?”

பதில் சொல்வதற்குள் பதிலே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது. சின்னதுரை பொன்ராஜ். உதவி மேனேஜர். தலையில் தடவின கிரீம் வாசனை அவருக்கு முன்னால் வந்தது, பூட்ஸ் சத்தம் பின்னால் வந்தது. கவிழ்ந்த ஜீப்பில் சாராயம் நாறுகிறது என்று போலீசுக்கு முதலில் சொன்னவர் இவர்தான். கையோடு டைப் அடித்த காகிதம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்.

“ரிப்போர்ட் நானே அடிச்சு வெச்சிட்டேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். குடிகாரனுக்காக எத்தனை நாள் வண்டியை நிறுத்தி வைக்கறது?”

“வேலுத்தாய் கால் எப்புடிங்க இருக்குது?” என்று கேட்டேன்.

“யாரு? ஓ, அந்த லேபரா? இருக்கு.”

“இருக்குதுங்களா? எடுத்துட்டாங்கன்னாங்களே!”

ஒரு புழுவைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பரவாயில்லை. நானும் அவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கியண்ணன் காகிதத்தை வாங்கி மரியாதையாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார். “ஏனுங்க, வண்டி கவுந்தது விஜயதசமி காலையிலதானுங்களே?”

“ஆமா. ஆறரை மணி. ஒம்பதாம் நம்பர் காட்டுக்கு லேபரை ஏத்திக்கிட்டுப் போனான். இங்கேயிருந்து ரெண்டு பர்லாங், முதல் வளைவு.”

“நீங்க எப்ப வந்தீங்?”

“ஏழு மணிக்கு. அதுக்கு முன்னாடியே இந்தக் குருசாமி ஓடிப்போய் எல்லாரையும் இறக்கிக்கிட்டிருந்தான்.”

“முந்தின நாள் ஆயுத பூஜை. வண்டிய யாராச்சும் எடுத்தீங்களா?”

“யாரு எடுப்பா? எனக்குத்தான் பைக் இருக்கே. அதுவும் அன்னிக்குச் செயின் கழண்டு போச்சு. இங்க வந்து, ஒரு ஸ்பேனர் எடுடான்னு சொன்னா, இந்த ஆள் கன்னத்துல போட்டுக்கறான்! சாமிகிட்ட வெச்ச சாமானாம், மறுநாள் ஒம்பது மணி நல்ல நேரத்துக்குத்தான் எடுக்கணுமாம். போடா சர்த்தான்னு நானே உள்ள போய் எடுத்து முறுக்கிக்கிட்டுப் போனேன்.”

குருசாமி நாக்கைக் கடித்துக்கொண்டு படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். “பூசையில இருக்கற சாமானத் தொடுறது பெரும்பாவம் சார். எங்கப்பா காலத்துலருந்து ஒரு ஆணி அசைஞ்சதில்ல. சுத்தியல், ஸ்பேனர், ஜாக்கி, சங்கிலி எல்லாத்தையும் வரிசையா வெச்சு, பொட்டு வெச்சு, கும்புட்டுட்டு வெளிய வந்துருவோம்.”

“சங்கிலியும் சாமிகிட்டத்தானுங்களா?”

“இரும்புன்னு இருக்கறது எல்லாமே சார்.”

பொங்கியண்ணன் வைஸ் பக்கம் நகர்ந்தார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ராடின்மேல் குனிந்தார். எனக்கும் காட்டினார். தண்டு முழுக்க சேறும் கிரீஸும் அப்பிக் கிடந்தன. மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு எல்லாம் வழித்தெடுத்து இரும்பு பளபளத்தது. ஓரத்துக் கிரீஸில் தேங்காய் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு பிடி.

“கயிறு!” என்றேன்.

“தூக்கி நிறுத்தும்போது கட்டுன கயிறு சார்” என்றார் குருசாமி.

“சங்கிலி கட்டித் தூக்குனாங்கன்னு உங்க தங்கச்சி சொல்லுதுங்களே?” என்றார் பொங்கியண்ணன்.

“அது… கயிறும் கட்டுனோம்.”

“இல்லையேண்ணே, சங்கிலிதான கட்டுனாக. நீதான போய் எடுத்துட்டு வந்த?” என்றாள் சுருளியம்மாள் வாசலிலிருந்து. அண்ணனுக்கு ஞாபகப்படுத்துகிற குரலில்தான் சொன்னாள்.

குருசாமி உலைப் பக்கம் திரும்பித் துருத்தியை அழுத்தினார். “கரி வீணாகுது சார். தட்டிறட்டுமா?”

“துருத்திய விடுங்க” என்றார் பொங்கியண்ணன். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் குருசாமியின் கை நின்றுவிட்டது.

ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் நாலு சில்வர் ஓக் மரம். பொங்கியண்ணன் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். மூன்றாவது மரத்தில், என் முழங்கால் உயரத்தில், பட்டை ஒரு வளையமாக உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் அதே நார். மரத்துக்கு முன்னால் ஜீப் டயர் பின்னோக்கி இழுத்துப் பறித்த இரண்டு குழி. மழைத் தண்ணீர் நின்று, அட்டை நெளிந்தது. என் செருப்பிலும் ஒன்று ஏறிவிட்டது. தூ!

“பாத்தியா? ராடு விபத்துக்கு முன்னாடியே ஒருக்கா வளஞ்சிருக்குது. யாரோ வண்டியக் கொண்டுபோய் எங்கியோ மோதியிருக்கறான். இந்த மரத்துல கயிறக் கட்டி, மறு நுனிய ராடுல கட்டி, ரிவர்ஸ் எடுத்து இழுத்து நிமித்தியிருக்கறான். காய்ச்சாம பச்சையா நிமித்துன கம்பி அடுத்த வளைவு வரைக்கும் தாங்குனதே பெருசு. ராக்கப்பன் வலது பக்கம் ஒடிக்க, ராடு மடங்கிக்கிச்சு. வண்டி நேராப் போயிருச்சு.”

“நாந்தான் அப்பவே சொன்னேனுங்களே! சின்னதுரைதான். பைக் ரிப்பேர், ஜீப்ப எடுத்துட்டுப் போயி இடிச்சுட்டாரு.”

“அவரு இடிச்சிருந்தா எதுக்குடா கயிறத் தேடறாரு? ஸ்பேனரையே எடுத்தவரு. ராடக் கழட்டி, உலையில வெச்சு, சுத்தியல்ல தட்டியிருப்பாரு. அதுக்குச் சோம்பலா இருந்தா சங்கிலியாவது எடுத்திருப்பாரு. ஒரு ஒர்க் ஷாப்பு நெறையா சாமான் இருக்கறப்ப, ஒத்த இரும்பத் தொடாம, தேங்கா நாரக் கொண்டு ஸ்டியரிங்கு நிமித்தறவன் எப்பேர்ப்பட்டவனா இருப்பான்?”

எனக்குத் தொண்டைக்குள் அந்த டீ திரும்பி வந்தது.

“பக்திமானா இருப்பானுங்ணா” என்றேன்.

திரும்பி வந்தோம். பொன்ராஜ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருளியம்மாள் ஒருவழியாக விறகை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவள் தோளைப் பார்த்தேன். ரவிக்கையின் தோள்பட்டையில் கறுப்பாக நீளக் கறை. விறகுக்கட்டிலிருந்து தொங்கிய கயிற்று நுனியும் அதே கறுப்பு.

“அம்மணி, விறகுக் கயித்துல எப்புடிங்க கிரீஸ் வந்துச்சு?” என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

“அதையேன் சார் கேக்கீக! பூசை அன்னிக்கு இருட்டுற நேரத்துக்கு எங்கண்ணன் வந்து வாங்கிட்டுப் போச்சு. விடிஞ்சு பாத்தா இந்தக் கோலத்துல வாசல்ல கெடக்கு. நல்ல கயித்தப் பாழாக்கிட்டியேண்ணேன்னு சத்தம் போடணும்னு இருந்தேன். அதுக்குள்ள இப்பிடி ஆயிருச்சு…”

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். எங்கள் மூன்று பேருடைய முகத்தையும் பார்த்தாள். பிறகு கயிற்றைப் பார்த்தாள். கடைசியாகத்தான் அண்ணனைப் பார்த்தாள்.

“ஏண்ணே?” என்றாள்.

குருசாமி சந்தனத்தைத் துடைப்பதுபோல நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“சூரியநெல்லிக்குப் போனேன் தாயி. பூசை முடிஞ்சு… ஒரு பாட்டில் வாங்கத்தான். நாளும் கெழமையுமா நடந்து போவானேன்னு ஜீப்ப எடுத்தேன். திரும்பி வரையில மாடு குறுக்க வந்துச்சு. பாறையில ஏத்திட்டேன்.”

“நிமித்திட்டீங். சரி. காலையில வண்டி கெளம்பறப்ப எங்க இருந்தீங்?” என்றார் பொங்கியண்ணன்.

“இங்கனதான் நின்னேன். ஒம்பது மணிக்குப் பூசை எடுத்ததும் கழட்டிச் சரியாப் பண்ணிரலாம்னு இருந்தேன் சார். மாப்ள ஆறரைக்கே சாவிய எடுத்துக்கிட்டாரு.”

“பொறு மாப்ள, ஸ்டியரிங்கு சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே?”

“ஏன்னு கேப்பாரே சார்!”

இதுதான் அவருடைய பதில். ஏன் என்று கேட்பாராம். அதற்குப் பயந்து, ஏழு பேர் ஏறின வண்டியைக் கும்பிட்டு அனுப்பியிருக்கிறார்.

“பாட்டில்ல மிச்சம் இருந்துச்சாக்கு?” என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

“கால்வாசி… மடியில இருந்துச்சு. ஓடிப்போய்ப் பாத்தா மாப்ள பேச்சு மூச்சில்லாமக் கெடந்தாரு. செத்துட்டாருன்னு நெனச்சேன் சார். செத்த ஆளுக்குக் கேஸ் வந்தா என்ன, வராட்டா என்னன்னு… உசுரு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா சத்தியமா ஊத்தியிருக்க மாட்டேன்!” சரஸ்வதி படத்தை நோக்கிக் கையை நீட்டினார். “இந்தத் தாய்மேல ஆணை சார். பூசைச் சாமான் ஒண்ணக்கூட நான் தொடல!”

அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைச் சொல்லும்போதுதான் வந்தது. எத்தனையோ திருடனைப் பார்த்திருக்கிறேன், கொலைகாரன் ஒருத்தனுடன் ஒரே இலையில் சாப்பிட்டும் இருக்கிறேன். இவ்வளவு அருவருப்பாக எனக்கு எப்போதும் இருந்ததில்லை. சுத்தியலைத் தொட்டால் பாவம். அந்தப் பாவம் மட்டும் ஒட்டாமல் இந்த மனுஷர் நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். செய்த துரோகத்துக்குப் பிராயச்சித்தம்போல லாக்கப்புக்குச் சோறு வேறு.

“ஆக, ஓட்டினவனும் கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்டியரிங்கைச் சோதிச்சிருக்கணும்” என்று பொன்ராஜ் ஆரம்பித்தார். “அந்த மாதிரி ஒரு வரி சேர்த்துட்டா எஸ்டேட்டுக்கும்…”

பொங்கியண்ணன் பையிலிருந்து அந்த டைப் காகிதத்தை எடுத்தார். பின்பக்கம் திருப்பிப் பெஞ்சின்மேல் வைத்தார். குருசாமி சொன்னதை எல்லாம் அதில் தம் கையால் எழுதினார். குருசாமியிடம் கையெழுத்து வாங்கினார். கீழே சாட்சி என்று எழுதி, பேனாவைப் பொன்ராஜிடம் நீட்டினார்.

“நான் எதுக்கு?”

“கூடவே நின்னு கேட்டீங்களே. இல்லீன்னா, பூசையறையத் தொறந்து சாமான் எடுத்தது நீங்கதான்னு லயத்துல போயிச் சொல்லட்டுங்களா? ஆயிரம் பேர் இருக்கறாங்க.”

பொன்ராஜ் கையெழுத்துப் போட்டார். கிரீம் வாசனை அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது.

மணி பன்னிரண்டரை. தேவிகுளம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ராடைச் சாக்கில் சுற்றி எங்கள் வாடகைக் காரின் டிக்கியில் போட்டேன். விறகுக் கயிற்றையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் எங்களை இனி எந்த வேலைக்கும் கூப்பிடமாட்டான் என்று பொங்கியண்ணனிடம் சொன்னேன். “நம்ம ரத்தம் குடிக்கற அட்டையில ஒண்ணு கொறஞ்சுது” என்றார்.

குருசாமி சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். படத்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு நாலு நாள் பழக்கத்தில், பெஞ்சின்மேல் இருந்த டிபன் கேரியரையும் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

சுருளியம்மாள் குறுக்கே வந்து கையை நீட்டினாள். அவர் கேரியரைக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு அடுக்காகக் கழற்றி, சோற்றையும் குழம்பையும் உலையில் இருந்த கரிமேல் கொட்டினாள். புகையும் கருகல் நாற்றமுமாக ஒர்க் ஷாப்பு முழுக்கக் கிளம்பியது. காலி அடுக்குகளை வைஸுக்குப் பக்கத்தில், பொட்டு வைத்த சுத்தியலின் மேலேயே வைத்தாள்.

“அவரு ராத்திரி எங்க வீட்டுல வந்து சாப்புடுவாரு” என்றாள். “நீ வண்டியில ஏறு.”